இரட்டை முடிச்சு

அந்த முடிச்சு என்னுடையது. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது. ஜன்னலோரக் கட்டிலில் வடிவக்கா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், வலது கையில் விரல் நுனி மட்டும் தெரியும்படி மாவுக்கட்டு, மடியில் ஒரு நீலக் கேரி பை, பையின் வாயில் முடிச்சின் மேல் முடிச்சு. ஊரில் நீலப் பைக்கா பஞ்சம், தடை போட்ட பிறகும் எல்லாக் கடையிலும் ஒளித்து வைத்துக் கொடுக்கத்தான் செய்கிறார்கள், எவளோ ஒருத்தி எங்கேயோ கட்டின முடிச்சு என்று ஒரு மனசு சொல்லிப் பார்க்கிறது. இன்னொரு மனசு கேட்கவில்லை. முதல் முடிச்சை இடது பக்கம் இழுத்து, இரண்டாவதை வலது பக்கம் இறுக்கி, மிச்சம் நிற்கிற பைக் காதைச் சுருட்டி உள்ளே சொருகுகிறவள் இந்த ஆஸ்பத்திரி ரோட்டில் நான் ஒருத்திதான், தங்கபுஷ்பம் பழக்கடை, பெரிய கேட்டுக்கு நேர் எதிரே. என் கடைத் தகரத்துக்குக் கீழேயே ஒரு சாக்கை விரித்துப் பூக்கட்டி விற்கிறவள் இந்த வடிவக்கா. போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள், இன்றைக்குத்தான் வீட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வர முடிந்தது. வெறுங்கையோடு வரவில்லை. நல்ல பழமாகப் பொறுக்கி எடுத்து ஒற்றை முடிச்சுப் போட்ட பை என் கையிலேயே தொங்குகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கால் பின்னால் போனது. அதற்குள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தவன் எழுந்துவிட்டான். காலையில் என் கடையில் நின்ற அதே கட்டம் போட்ட சட்டை. "யக்கா, நீங்க அந்தப் பழக்கடை அக்கால்லா?" என்றான். வடிவக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதுதான்யா புஷ்பம். போன்ல சொல்லுவேன்லா. ஏட்டி, இது எம் மவன் ஆவுடை. திருப்பூர்ல இருந்து வந்திருக்கான்." திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும். நானும் சிரித்துக்கொண்டே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஆவுடையப்பன். பெயரை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. வடிவக்கா என் கடைக்குப் பக்கத்தில் சாக்கு விரிக்கிறதுக்கு முன்னாலேயே பனியன் கம்பெனிக்குப் போனவன். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை. அம்மை தெருவில் உட்கார்ந்து பூ விற்கிறாள் என்று மாமனார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு சண்டை, அப்புறம் பேச்சு நின்று, அப்புறம் எப்போதாவது போன். அவனா இவன். காலையில் தெரிந்திருந்தால் என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே அசிங்கமாக இருக்கிறது, தெரியாதவன் என்றால் செய்யலாமாம். விடிந்து வெயில் ஏறாத நேரம். பஸ்ஸில் வந்த முகம், கழுத்தில் பையின் வார் அழுத்தின தடம், கடையைப் பார்க்காமல் ஆஸ்பத்திரி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டைப் பார்க்கிறவன் பழத்தைப் பார்க்க மாட்டான். இது எனக்குப் பாடம். "சாத்துக்குடி என்ன வெல?" என்று கேட்கும்போதே கை பணத்துக்குப் போய்விட்டது. அவன் சட்டையைப் பார்த்தேன், அவசரத்தைப் பார்த்தேன், வாய் தானாக ஒரு விலையைச் சொன்னது. அவன் குறைத்துக் கேட்கவில்லை. யாருக்கு என்று நான் கேட்டேனா, கேட்டேன், "ஆருக்குத் தம்பி, பிள்ளைக்கா?" என்று வாய் நிறையக் கேட்டேன். "அம்மைக்கு" என்றான். ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே என் கை கூடைக்கு அடியில் போனது. கீழே நாலைந்து அமுங்கினது, மேலே நல்லது. ஆப்பிளும் ரெண்டு கேட்டான், ஒன்றில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது, அதன் கம்பெனி ஸ்டிக்கரை மெதுவாக உரித்துப் புள்ளியின் மேல் ஒட்டி வெகு நாளாகியிருந்தது. எடை மட்டும் சரியாகப் போட்டேன். எடையில் நான் யாரையும் ஏமாற்றினது கிடையாது, எந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் இதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். அப்புறம் முடிச்சு, முடிச்சின் மேல் முடிச்சு. வார்டுக்குப் போய்த்தான் அவிழ்க்க வேண்டும், மூன்றாவது மாடியிலிருந்து நைந்த பழத்தைத் தூக்கிக்கொண்டு எவனும் இறங்கி வரமாட்டான்.

என்ன செய்ய, பழம் என்ன இரும்பா. எங்கள் கடையில் முதல் மாம்பழ சீசனில் அடித்த நஷ்டம் எனக்கு வாத்தியார். பெட்டி என்ன விலைக்கு வந்ததோ அதைப் பழத்தின் எண்ணிக்கையால் வகுத்து, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விற்றேன், கடைசியில் பாதிப் பெட்டி மாட்டுக்குப் போனது, லாபமும் கூடவே போனது. அழுதேன். அப்புறம்தான் புத்தி வந்தது. நூறு பழம் வாங்கினால் பதினைந்து போகும் என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். நூறு பழத்தின் காசை எண்பத்தைந்து பழத்தின் தலையில் ஏற்ற வேண்டும். அந்த விலைக்கு மேல்தான் வாடகை, கரண்டு, நம் வீட்டு அடுப்பு. மழை நாளில் கழிவு கூடும், விலையும் கூடும். வியாபாரத்தில் இது பாவம் இல்லை, நல்ல பழம் செத்த பழத்தைச் சுமக்கிறது, குடும்பத்தில் சம்பாதிக்கிறவன் சும்மா இருக்கிறவனைச் சுமக்கிறது போல. வாங்குகிறவனுக்கும் அது தெரியும், மண்டிக்காரனுக்கும் தெரியும். இதுவரைக்கும் சரி. இங்கேயே நின்றிருந்தால் நான் இன்றைக்கு இந்தக் கட்டிலில் நேராக உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்தப் பதினைந்து எங்கே போகிறது. மாட்டுக்கா போகிறது. கழிவுக்கு ஒரு தரம் காசு வாங்கியாயிற்று, எல்லாப் பழத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியாயிற்று. அப்புறம் அந்தக் கழிவையே ரெட்டை முடிச்சில் போட்டு இன்னொரு தரம் விற்றால் அதற்கு என்ன பெயர். லாபம் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் இத்தனை காலம் அதற்குப் பெயர் வைக்காமலேயே விற்று வந்தேன், பெயர் வைக்காத பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வாங்குகிறவன் தின்னவா வாங்குகிறான், வெறுங்கையோடு வரவில்லை என்று காட்டத்தானே வாங்குகிறான், நோயாளிக்கு வாய் கசக்கும், பழம் மேசையில் கிடந்து அழுகும், நர்ஸம்மா திட்டினால் குப்பைக்குப் போகும், எப்படியும் அழுகப்போகிற பழம் முந்தி அழுகினால் என்ன. இப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். நல்லாத்தான் இருந்தது இந்த நியாயம், கட்டில் வரைக்கும் வராமல் இருந்தவரை. அந்தப் பையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி, குழந்தையைப் பிடிக்கிற பிடி. மேசையில் ஹார்லிக்ஸ் இருக்கிறது, பிளாஸ்க் இருக்கிறது, பையை அங்கே வைக்கவில்லை.

"அக்காவுக்கு டீ வாங்கிட்டு வாய்யா" என்று மகனை அனுப்பினாள். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, அவன் போகட்டும் என்றிருந்தது. அவன் படி இறங்குகிற சத்தம் போனதும் சொல்லிவிட வேண்டும். அக்கா, காலையில ஆளு தெரியாமக் குடுத்துட்டேன், அந்தப் பையைக் குடுங்க, இந்தா நல்ல பழம். இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற காரியம். ஆளு தெரியாமல் என்ற இடத்தில் நாக்கு நிற்கிறது. தெரியாத ஆளென்றால் கொடுப்பாயா என்று அவள் கேட்க மாட்டாள், கேட்காமல் இருப்பாள், அதுதான் தாங்காது. "பையை இங்க தாங்கக்கா, கீழ வைக்கேன். மடியில கனமா இருக்கும்" என்று கையை நீட்டினேன். "இருக்கட்டும் புஷ்பம்" என்றாள். "கனமில்ல." நான் கொண்டுவந்த பையை மேசையில் வைத்தேன். அதன் ஒற்றை முடிச்சை அவள் பார்த்தாள். பிறகு மடியில் இருக்கிற முடிச்சைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், வெளியே ஒன்றும் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் ஒரு காக்கையும். "என் எடத்துல ஆரும் சாக்கு விரிச்சுட்டாளா?" என்றாள். இல்லை என்றேன். "பிச்சிப்பூ என்ன வெல போகுது?" சொன்னேன். "சாத்துக்குடி?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எந்த விலையைச் சொல்ல. தெருக்காரர்களுக்குச் சொல்கிற விலையா, கேட்டைப் பார்க்கிறவனுக்குச் சொன்ன விலையா. மகன் கொடுத்த காசை இவளிடம் சொல்லியிருப்பானோ, சொல்லியிருந்தால் நான் குறைத்துச் சொல்கிற விலை என்னையே காட்டிக்கொடுக்கும், சொல்லாமலிருந்தால் கூட்டிச் சொல்கிற விலையைக் கேட்டு நேற்றுவரை இல்லாத விலை எப்படி வந்தது என்று அவளுக்குத் தோன்றும். "ஏறித்தான் கெடக்குக்கா" என்றேன். "ஆமா, மழை பெய்யுதுல்லா. கழிவு கூடத்தான் இருக்கும்" என்று அவளே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு முட்டுக்கொடுக்கிறாள், கை ஒடிந்து கிடக்கிறவள் எனக்கு முட்டுக்கொடுக்கிறாள்.

அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா, எத்தனை வருசமாக என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "ஏட்டி, ரெட்ட முடிச்சு விழுந்துட்டுன்னா அடியில ஆளு தூங்குதுன்னு அர்த்தம்" என்று அவள்தான் ஒருநாள் கேலி செய்தாள், ரெண்டு பேரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன். பதிலுக்கு அவளுடைய முழத்தைக் கேலி செய்தேன். கட்டை குட்டையான கை அவளுக்கு, முழம் போட்டால் மற்ற பூக்காரிகளைவிட ரெண்டு விரல் குறையும், "உங்களுக்கு லாபத்தைச் சாமி கையிலேயே வெச்சுப் படைச்சுட்டாருக்கா" என்பேன். அதையும் இப்போது பிடித்துப் பார்க்கிறேன், அவளும்தான், அவளும் சுத்தம் இல்லை, தண்ணீர் தெளித்துத்தானே சாயந்தரப் பூவைக் காலைப் பூவாக்குகிறாள் என்று. பிடி நிற்கவில்லை. கை குட்டை என்று எல்லோருக்கும் தெரியும், அவள் முழம் போடுகிறதை வாங்குகிறவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், குறைந்தால் "இன்னும் கொஞ்சம் விடும்மா" என்கிறாள், இவளும் திட்டிக்கொண்டே விடுகிறாள். வாடின பூவை விலை குறைத்து, வாடினது என்று சொல்லியே தருகிறாள். என்னுடையது கூடைக்கு அடியில் நடக்கிறது. நான் ஏன் இவளைப் பழித்துப் பார்க்கிறேன், பழித்துவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடுமா. எனக்கு வெட்கமாக இருக்கிறது, மனசுக்குள்ளேகூட நல்லவளாக உட்கார முடியவில்லை. பையனை நினைத்தால் இன்னும் மோசம். எத்தனை வருசம் கழித்து அம்மையைப் பார்க்க வருகிறான், என்ன வாங்கிப் போக என்று பஸ்ஸெல்லாம் யோசித்திருப்பான், சேலை எடுத்தால் மனைவிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும், பழம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அவன் அம்மைக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொருளே இதுவாக இருக்கும். அவிழ்த்துப் பார்த்தால் மலிவாகக் கிடைத்த அழுகலை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அடுத்த கட்டில்காரி நினைப்பாள். அவன் முகம் சுருங்கிவிடும். அம்மையும் பிள்ளையும் இப்போதுதான் ஒரு நூலால் ஒட்டி நிற்கிறார்கள், அந்த நூலுக்கு நடுவில் என் நைந்த பழம். அவன் டீயோடு வந்துவிட்டான்.

"யம்மா, அக்காவுக்குப் பழம் குடேன். காலையில இருந்து அந்தப் பையை அவுக்கவே இல்ல நீ" என்றான். குறைபட்டுக்கொள்கிறான், வாங்கிக் கொடுத்ததை அம்மை தின்னவில்லையே என்று. எனக்கு வேண்டாம், எனக்கு வயிறு சரியில்லை, நான் கிளம்புகிறேன் என்று மூன்றையும் ஒன்றாகச் சொன்னேன். "இரு" என்றாள் வடிவக்கா. பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "ஒத்தக் கையால அவுக்க வரல புஷ்பம். நீயே அவுத்துவிடு." சொருகின காதை வெளியே எடுத்தேன். இறுக்கம் எவ்வளவு என்று கட்டினவளுக்குத் தெரியாதா, நகம் வைத்தும் நகரவில்லை, எவ்வளவு ஆத்திரத்தோடு இறுக்கியிருக்கிறேன் ஒரு முகம் தெரியாத பையன் மேல். அவன் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவிழ்ந்தது. மேலே இருந்த ஆப்பிளை எடுத்தாள் வடிவக்கா, புள்ளி இல்லாத ஆப்பிள், "நீ தின்னுய்யா, ராத்திரியெல்லாம் பஸ்ல வந்திருக்க" என்று அவனிடம் நீட்டினாள். "மேல உள்ளதெல்லாம் உனக்கு. புஷ்பம், எனக்கு அடியில கெடக்கிறதை எடு." நான் தலையை நிமிர்த்தவில்லை. அடியில் கை விட்டேன். கண் பார்க்காவிட்டாலும் கட்டைவிரலுக்குத் தெரியும், காம்புப் பக்கம் விரல் இறங்கியது, ஈரம், புளித்த வாசனை ஒன்று மெல்ல எழுந்தது, பினாயில் வாசனைக்குள் அது எனக்கு மட்டும் எட்டுகிற மாதிரி இருந்தது. வேறு ஒன்றை எடுக்கப் போனேன். "அதையே உரி" என்றாள். உரித்தேன். ஒரு பக்கம் சுளை கரைந்திருந்தது. அதை என் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு நல்ல பக்கத்தைக் கொடுத்தேன். அவள் இடது கையை நீட்டி என் விரல்களைப் பிரித்து மறைத்ததையும் எடுத்துக்கொண்டாள். மகன் பார்க்கிறான் என்று தெரிந்து வாயில் போட்டாள். மென்றாள். தொண்டை ஏறி இறங்கியது. "தேனாட்டம் இருக்குய்யா" என்றாள் அவனிடம்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், பார்க்காமலிருந்திருக்கலாம். "நாளைக்கும் அக்கா கடையிலயே வாங்கிட்டு வாரேன்" என்றான் என்னிடம். "எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்ல ஏமாத்துவாங்கன்னு சொன்னாங்கக்கா. நீங்க எடையெல்லாம் சரியாப் போட்டீங்க." நான் டீயை எடுத்துக் குடித்தேன், சூடா சர்க்கரையா ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு இவன் வந்து நின்றால் என்ன விலை சொல்ல. குறைத்துச் சொன்னால் இன்றைக்கு ஏன் அவ்வளவு என்று கேட்பான். அதே விலை சொன்னால் தெரிந்தே பிடுங்குகிறேன். காசே வேண்டாம் என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். கழிவுக்கும் லாபத்துக்கும் இத்தனை வருசம் கணக்குப் போட்ட தலை, ஒரு கிலோ சாத்துக்குடிக்கு விலை வைக்கத் தெரியாமல் நிற்கிறது. "வாங்கிட்டு வாய்யா" என்றாள் வடிவக்கா. "புஷ்பம் இனி உனக்கு ஒத்த முடிச்சுப் போட்டுத் தருவா." "அது என்னம்மா ஒத்த முடிச்சு?" "எனக்கு ஒத்தக் கைதானே. அவுக்கத் தோதா இருக்கணும்லா" என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் சிரித்தான். வெளியே வாட்ச்மேன் நேரமாயிற்று என்று ஒவ்வொரு வார்டாகச் சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறான். தோலையும் கொட்டையையும் முந்தானையில் அள்ளிக்கொண்டேன். "மிச்சத்தை எறும்பு வராமக் கட்டி வெச்சுட்டுப் போ" என்றாள். பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தேன், வாட்ச்மேன் எங்கள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தான், அவசரமாகக் கட்டினேன், எழுந்தேன். வடிவக்கா பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். முடிச்சின் மேல் முடிச்சு, காது சுருட்டி உள்ளே சொருகியிருந்தது. நான் போடவில்லை, சத்தியமாக நான் போடவில்லை, கை போட்டது. "அவுத்துட்டுப் போ புஷ்பம்" என்றாள், கோபமே இல்லாமல். திரும்ப உட்கார்ந்தேன். நகத்துக்கு வரவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தேன்.